சாகாத செடி

செம்பூர், பம்பாய்
3-3-1963

அன்புள்ள மதினிக்கு,

வடிவு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளை இவர்களும் சுகமாக இருக்கிறோம். அண்ணனுக்கு முட்டுவலி தேவலையா? நாள் முழுக்கக் கடையில் நின்றுகொண்டே இருக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

புது வீடு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு பால்கனி. பாய் விரித்தால் பாதி மடங்கிக்கொள்ளும், அவ்வளவுதான் அகலம். மேற்கு பார்த்தது. மத்தியானம் ஆனால் வெயில் நேராக வந்து உட்கார்ந்துகொள்ளும். காற்று திரும்பினால் ட்ராம்பே பக்கத்து ஆலைப் புகை வந்து துவைத்த துணியில் கரியாகப் படிந்துவிடும்.

தை மாதம் எனக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. இவர்களுக்கு ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் தூங்குகிறார்கள். சத்தம் கேட்கக் கூடாதே என்று நான் பால்கனியில் போய் இருந்துகொள்வேன். சும்மா இருப்பானேன் என்று டால்டா டின்களுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, மண் போட்டு, செடி வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிச்சிப்பூக் கொடியில் மாவு தூவியது போல வெள்ளைப் பூச்சி வந்தது. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து தெளித்தேன். பூச்சி இருந்தது, பிச்சி போய்விட்டது. ரோஜா இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. கனகாம்பரம் வேரோடு அழுகிப்போயிற்று. இங்கே குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும். அதைப் பிடித்து வைத்து, எனக்குக் குளிக்க இல்லாவிட்டாலும் செடிக்கு ஊற்றிவிடுவேன்.

கீழ்வீட்டில் ஒரு மராட்டிக்கார அம்மா இருக்கிறாள். பாகீரதி பாய் என்று பெயர். அவள் பால்கனி மட்டும் எப்போதும் பூவாக இருக்கிறது. என்ன செய்கிறாய் என்று கேட்க எனக்குப் பாஷை வரவில்லை.

அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் கேட்பேன். இப்போது நீங்கள்தான். நான் மறந்துபோனாலும் சாகாத செடி, பூச்சி அண்டாத செடி, இந்த வெயிலையும் புகையையும் தாங்குகிற செடி எது என்று எழுதுங்கள். பூக்காவிட்டால்கூடப் பரவாயில்லை. சாகக் கூடாது, அதுதான் வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
சண்முகவடிவு

---

வள்ளியூர்
20-3-1963

அன்புள்ள வடிவுக்கு,

மதினி பேராச்சி எழுதிக்கொண்டது. வீட்டில் எல்லாரும் சுகம், ஆடு மாடு உட்பட. உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். முட்டுவலி என்று வாசித்த இடத்தில் எழுந்து கடைக்குப் போய்விட்டார். உங்கள் குடும்பத்தில் யாரிடமும் உடம்பைப் பற்றிப் பேச முடியாது.

மேற்கு வெயிலில் கொண்டுபோய்ப் பிச்சியை வைத்தாயே, உன்னை என்ன சொல்ல. ஏட்டி, நீ சின்ன வயதில் கோழிக்குஞ்சுக்குச் சோறு ஊட்டிய ஆள். உன் கையே அப்படி. எதை வைத்தாலும் செல்லம் கொடுத்தே கொன்றுவிடுவாய். மேல்மண்ணில் விரலை விட்டுப் பார். காய்ந்திருந்தால் ஊற்று, ஈரம் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு.

உனக்கு முதலில் பிரண்டைதான். முறித்து எறிந்தால் குப்பையில் கிடந்தே வேர் விடும். கணு மண்ணுக்குள் போகிற மாதிரி குத்தி வைத்துவிட்டு நீ மறந்துவிடலாம், கம்பியைப் பிடித்து அது ஏறிவிடும். கொழுந்தைக் கிள்ளித் துவையல் அரைத்தால் மாப்பிள்ளை ஒரு வாய் கூடச் சாப்பிடுவார். கிள்ளும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள், அரிக்கும். கற்பூரவல்லியின் வாடைக்குப் பூச்சி அந்தப் பக்கமே வராது. ஆலைப் புகைக்கு இருமல் வந்தால் மருந்துக்கு இலையும் ஆச்சு. கற்றாழையைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. நீ கல்யாணமாகிப் போன அன்று வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டியது மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் இன்னும் பச்சையாகத் தொங்குகிறது. பூ வேண்டுமானால் நித்தியகல்யாணி. அதை வீட்டில் வைக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் வைத்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சித்திரையில் கோயில் கொடைக்கு என் தம்பி இசக்கிப்பாண்டி தாராவியிலிருந்து வருகிறான். திரும்பும்போது எல்லாவற்றையும் ஒரு தகரத்தில் வைத்து ஈரச்சாக்கு சுற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

தை மாதம் உடம்புக்கு என்ன? காய்ச்சலா, வயிறா? ஒரே வரியில் தாண்டிவிட்டாயே. அதை எழுது.

மாப்பிள்ளைக்கு எங்கள் விசாரிப்பு.

உன் மதினி,
பேராச்சி

---

செம்பூர்
28-4-1963

அன்புள்ள மதினிக்கு,

நலம். உங்கள் எல்லாருடைய நலமும் அறிய ஆசை. பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னிக்கவும். கொடை நன்றாக நடந்திருக்கும்.

நீங்கள் எழுதியது சரிதான். கோளாறு என் கையில்தான். அதை நான் முன்பே தெரிந்துகொண்டேன். ஆகவே அத்தனை செடியும் வேண்டாம் மதினி. எனக்கு அரளி போதும். அதை ஆடும் கடிக்காது, பூச்சியும் தொடாது. தண்ணீரும் கேட்காது. நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும்.

உங்கள் அம்மா வீட்டுக் கிணற்றடியில் பெரிய அரளி ஒன்று நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் ஒரு கம்பு கிடைத்தால் நல்லது. கம்பு இல்லாவிட்டால் விதை ஆனாலும் சரி.

வேறு விசேஷம் இல்லை.

வடிவு

---

வள்ளியூர்
6-5-1963

அன்புள்ள வடிவுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்கு அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

கிணற்றடி அரளியை வெட்டிவிட்டார்கள். விதையும் இல்லை. வீட்டு வாசலில் வைக்கிற செடியா அது. அந்த நினைப்பை விடு.

இசக்கி கொடை முடிந்து பம்பாய்க்குத் திரும்பிவிட்டான். மற்றச் செடிகளை அவனிடம் கொடுத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவான். அவனுக்குச் சோறு போட்டு, நீயும் கூட உட்கார்ந்து சாப்பிடு. மாப்பிள்ளையை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

பேராச்சி

---

வள்ளியூர்
6-5-1963

தம்பி இசக்கிப்பாண்டிக்கு,

அக்கா எழுதுவது. நீ சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். இதைப் பட்டறையில் வைத்து வாசிக்காதே, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ.

வடிவு அரளி விதை கேட்டு எழுதியிருக்கிறாள். தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருக்குமாம். வாசித்த கையோடு இதை உனக்கு எழுதுகிறேன். நம் ஊரில் அரளி விதை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? அதுவும் நம் கிணற்றடி மரத்திலிருந்தே கேட்கிறாள். நம் கூடப்பிறந்த பூமாரியின் விஷயம் அவளுக்குத் தெரியாது. பாம்பு கடித்தது என்றுதானே ஊருக்குச் சொன்னோம், உன் அத்தானுக்கும் எனக்கும் உனக்கும் தவிர இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பூமாரி கடைசியாக என்னிடம் வந்தபோது என்ன கேட்டாள் தெரியுமா? பணியாரம் குழியில் ஒட்டாமல் எடுப்பது எப்படி என்று கேட்டாள். நானும் மெனக்கெட்டுச் சொல்லிக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டு சிரித்த முகமாகப் போனாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். இவள் செடியைப் பற்றிக் கேட்கிறாள். நானும் பிரண்டை, கற்றாழை என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ செடியைச் சாக்காக வைத்துக்கொண்டு உடனே செம்பூருக்குப் போ. வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாதே. அவள் முகத்தைப் பார். சாப்பிடுகிறாளா பார். அரளி என்ற பேச்சை எடுக்காதே. எதையும் மறைக்காமல் எழுது, நான் பச்சைப்பிள்ளை இல்லை.

அக்கா

---

தாராவி, பம்பாய்
13-5-1963

அன்புள்ள அக்காவுக்கு,

இசக்கிப்பாண்டி வணக்கம். எனக்கும் வீட்டில் அவளுக்கும் சுகம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், திட்டாதே. உன் கடிதம் வந்தபோது செடித் தகரம் என் கோலி அறையிலேயே கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. பட்டறையில் தோல் லோடு வந்து இறங்கிவிட்டது, மறந்துபோனேன். தண்ணீர் காட்டவில்லை, வெளிச்சம் காட்டவில்லை. திறந்தால் பிரண்டை சாக்கைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. நீ தேர்ந்தெடுத்த செடியைக் குறை சொல்ல முடியாது.

நேற்று சயானில் ஏறி குர்லாவில் மாறி செம்பூர் போனேன். மாப்பிள்ளை கணேசபாண்டியன்தான் கதவைத் திறந்தார். "வாங்க அண்ணாச்சி" என்றார். ஞாயிற்றுக்கிழமை லீவுதான், ஆனாலும் ஒரு மாதமாகத் தூங்காத கண். வடிவு பால்கனியிலிருந்து வந்து "வாங்க அத்தான்" என்றது. அக்கா, கல்யாணத்தில் பார்த்த வடிவு இல்லை. தோளெலும்பு தெரிகிறது. சோறு போட்டது. கூட உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தது, பிசைந்தது, வாயில் வைக்கவில்லை.

பால்கனியில் பச்சைப் பெயிண்ட் அடித்த டின்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில்கூடச் செடி இல்லை. வெறும் மண். ஆனால் எல்லாம் நனைந்து ஈரமாக இருக்கிறது.

"காலி டின்னுக்கு ஏன் வடிவு தண்ணி ஊத்துத?" என்று கேட்டேன்.

"ஊத்தாட்டா மண்ணு வெடிச்சிரும்லா அத்தான்" என்றது.

தகரத்தைப் பிரித்துச் செடியைக் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை. "நீங்களே வைங்க. என் கை வேண்டாம்" என்று கதவோரம் போய் நின்றுகொண்டது. நானே எல்லாவற்றையும் நட்டேன்.

திரும்பும்போது கீழ்வீட்டு பாகீரதி பாய் படியில் என்னை நிறுத்தி, நீ மேல்வீட்டுப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று இந்தியில் விசாரித்தாள். சொன்னேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். "பச்சா சலா கயா" என்றாள். பிள்ளை போய்விட்டதாம் அக்கா. ஜனவரியில். வயிற்றில் நாலாம் மாசம். புருஷன் ராத்திரி டியூட்டிக்குப் போயிருக்கிற நேரத்தில் இந்த அம்மாதான் முனகல் கேட்டு மேலே ஏறிப்போய், டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்திருக்கிறாள். ஒருத்தி பேச்சு ஒருத்திக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வடிவு கதவைத் திறப்பதில்லையாம்.

கணேசபாண்டியனைக் கீழே வரச் சொல்லிக் கேட்டேன். "ஊருக்கு எழுதக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா அண்ணாச்சி. அண்ணன் மனசு தாங்காதுன்னு சொல்லுதா. நான் என்ன செய்ய?" என்றார்.

இன்னொன்று. பாகீரதி பாய் பால்கனியில் நிற்பது அத்தனையும் அரளி. இங்கே கனேர் என்கிறார்கள். காலையில் பறித்துச் சிவனுக்குக் கொண்டுபோகிறாள். "இஸ்கோ குச் நஹி ஹோத்தா", அதாவது இதற்கு ஒன்றும் ஆகாது, என்று இலையைத் தட்டிக் காட்டினாள். வடிவு பகலெல்லாம் மேலே இருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்குமாம். அரளி கேட்டது இதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். நீ பயந்த மாதிரி இல்லை அக்கா. ஆனால் பயப்படாமல் இருக்கிற மாதிரியும் இல்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் இரண்டு பேரும் போய்வருகிறோம். பிரண்டை பிடித்ததா என்று பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி,
இசக்கிப்பாண்டி

---

வள்ளியூர்
25-5-1963

என் வடிவுக்கு,

சுகமா என்று கேட்டு எழுதக் கை வரவில்லை. இசக்கி எல்லாம் எழுதிவிட்டான். அவனைக் கோபிக்காதே, நான்தான் அனுப்பினேன்.

எனக்கு உன்மேல் கோபம்தான். எங்களிடம் சொல்லாமல் நீ தனியாகக் கிடந்தாயே என்று கோபம். அதைவிட அழுகைதான் அதிகம். உன் கை செல்லம் கொடுத்தே கொன்றுவிடும் என்று நான் விளையாட்டாக எழுதியதை நீ எந்த மனதோடு வாசித்திருப்பாய் என்று நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. பிள்ளை தங்காமல் போனதற்கும் உன் கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கும் முதலில் ஒன்று தங்கவில்லை. உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. யாரும் உனக்குச் சொல்லவில்லை.

உனக்குத் தெரியாதது இன்னொன்றும் இருக்கிறது. என் தங்கை பூமாரியைப் பாம்பு கடிக்கவில்லை. கிணற்றடி அரளிதான். எதற்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால்தான் உன் கடிதத்தைக் கண்டு அப்படிப் பயந்தேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், நீயும் அப்படியே சொல். அரளியை எதற்குக் கேட்டாய்?

என்ன பதில் ஆனாலும் நான் தாங்குவேன். இங்கே வர வேண்டும் என்றால் ஒரு வார்த்தை எழுது, உன் அண்ணன் வந்து கூட்டி வருவார்.

பேராச்சி

---

வள்ளியூர்
2-7-1963

வடிவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ இருக்கிறாய் என்று இசக்கி வாராவாரம் எழுதுகிறான். அவன் எழுத்து எனக்கு வேண்டாம், உன் கையெழுத்து வேண்டும். ஒரு வரி போதும். இது கார்டு, தபால்காரர் வாசிப்பார், ஆகையால் மற்றதை எழுதவில்லை.

தபால்காரர் வாசித்தாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன். உன்னை நினைக்காத நாள் இல்லை.

பேராச்சி

---

செம்பூர்
18-8-1963

என் அன்பான மதினிக்கு,

உங்கள் வடிவுதான் எழுதுகிறேன். உங்களைக் காக்க வைத்துவிட்டேன். எழுதி எழுதிக் கிழித்தேன். இன்றைக்குக் கிழிக்காமல் தபாலில் சேர்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அரளியை பாகீரதி பாயின் பால்கனியைப் பார்த்துத்தான் கேட்டேன். இது சத்தியம். பூமாரியைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தால் உங்களிடம் போய் அந்தப் பெயரை எழுதியிருப்பேனா. ஆனால் 'இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்று எழுதினேன் அல்லவா? அதை எழுதும்போது இல்லாமல் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்றுதான் இருந்தது. எப்படி என்றெல்லாம் நினைக்கவில்லை. படுத்தால் மறுபடி எழுந்திருக்க வேண்டாம் போல இருந்தது, அவ்வளவுதான். எனக்கே சரியாகத் தெரியாத அதை நீங்கள் வள்ளியூரில் இருந்துகொண்டு கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு என்னைக் கண்டே பயமாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் பதில் எழுத முடியவில்லை.

அந்தக் கடிதத்தை இவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு அழுதார்கள். பகலில் தூங்குகிறார்கள் என்று நான் சத்தம் போடாமல் இருந்தேனே, அவர்கள் தூங்கவில்லை மதினி. தை மாதத்திலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். நான் வெளியே, அவர்கள் உள்ளே. மறுநாளே மேஸ்திரியைப் பார்த்துப் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கிவிட்டார்கள்.

செடி விஷயம் எழுதுகிறேன். ஜூனில் மழை பிடித்தது. இங்கே மழை என்றால் வாரக்கணக்கில் விடாது. இசக்கி அத்தான் நட்ட கற்றாழை முதலில் அழுகியது. கற்பூரவல்லி கறுத்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சரி, எதை வைத்தாலும் இப்படித்தான் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று பாகீரதி பாய் மேலே வந்து, நான் திறக்கும்வரை கதவைத் தட்டினாள். உள்ளே வந்து நேராகப் பால்கனிக்குப் போனாள். ஒரு டின்னைச் சாய்த்தாள். சேறும் தண்ணீருமாகக் கொட்டியது. டின்னைக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

டின்னின் அடியில் ஓட்டையே போடவில்லை மதினி. பெயிண்ட் அடித்தேன், மண் போட்டேன், எரு போட்டேன், ஓட்டை போடவில்லை. நம் ஊரில் எல்லாச் செடியும் தரையில் நிற்கும், எனக்கு எங்கே தெரியும். ஊற்றின தண்ணீரெல்லாம் உள்ளேயே நின்று வேரை அழுக வைத்திருக்கிறது. அவள் கீழே போய்ச் சுத்தியலும் ஆணியும் கொண்டு வந்தாள். நான் டின்னைப் பிடித்துக்கொண்டேன், அவள் அடித்தாள். கடைசி டின்னை என்னிடம் கொடுத்து, என்னையே அடிக்கச் சொன்னாள். அடித்தேன். அப்படியே அவள் மடியில் விழுந்து அழுதுவிட்டேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை. அவள் மராட்டியில் என்னென்னவோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

கற்பூரவல்லி பிழைத்துக்கொண்டது. பிரண்டைக்கு முதலிலிருந்தே ஒன்றும் ஆகவில்லை, கம்பியைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகப் பார்க்கிறது. நித்தியகல்யாணி தினமும் பூக்கிறது. போன வாரம் பிரண்டைத் துவையல் அரைத்து பாகீரதி பாய்க்கும் கொடுத்தேன். சரியாக வதக்கவில்லை போலிருக்கிறது. தொண்டை அரிக்குது என்று இரண்டு நாள் வெந்நீர் குடித்தாளாம். ஆனாலும் மறுபடி எப்போது அரைப்பாய் என்று கேட்கிறாள். இவர்களுக்கு அரிக்கவில்லையாம். அரித்தாலும் சொல்லமாட்டார்கள்.

பாகீரதி பாய் தன் அரளியில் ஒரு கம்பு ஒடித்துத் தந்தாள். வேண்டாம், என் மதினி சொல்லாமல் வைக்க மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். அதைச் சொல்ல என் இந்தி இன்னும் போதாது.

பிள்ளைக்கு ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தேன். இவர்களிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் நேரில் சொல்வேன்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இனி மறைக்க வேண்டாம்.

உங்கள்,
வடிவு

---

வள்ளியூர்
15-9-1963

என் வடிவுக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் பாதி உயிர் வந்தது, வாசித்து முடித்ததும் மீதி வந்தது. இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு, ஒரே நேரத்தில் தூங்குகிறீர்கள் என்று நினைக்கும்போது எனக்கும் தூக்கம் வருகிறது.

நீ சொன்னபடி உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை இல்லாத டின்னுக்காவது சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பம்பாய்க்கு எந்த ரயில் என்று கேட்டார். கடையை ஒரு நாள் பூட்டச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிற மனிதர். முட்டுவலியோடு வருகிறார். இந்தக் கடிதத்தை அவர்தான் உன் கையில் கொடுப்பார். தபாலை நம்பமாட்டாராம்.

கிணற்றடி அரளியை வெட்டிவிட்டார்கள் என்று உனக்கு எழுதினேன். அது பொய் இல்லை. பூமாரி போன மறுவாரமே ஆள் வைத்து வெட்டினோம். வேரிலிருந்து மறுபடி தழைத்தது. திரும்பவும் வெட்டினோம், வேரில் சுண்ணாம்பைக் கொட்டினோம், திரும்பவும் தழைத்தது. அதை நான் உனக்கு எழுதவில்லை. நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். தண்ணீருக்குக்கூட வேறு கிணற்றுக்குப் போய்வந்தேன்.

முந்தாநாள் போனேன். என் உயரத்துக்கு மேல் நிற்கிறது, உச்சியெல்லாம் பூ. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட்டுக் கோபப்பட்டு அலுத்துவிட்டது. பூமாரிக்கு அரளிப்பூ பிடிக்கும் என்பது அங்கே நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. சிறு வயதில் அதைத்தான் கோத்து அம்மனுக்குப் போடுவாள். இத்தனை வருஷமாக அதை மறந்தே போயிருந்தேன்.

நல்ல முற்றிய கம்பாக ஒன்று நானே வெட்டினேன். பால் வடிவது நிற்கும்வரை நிழலில் போட்டு வைத்தேன். உன் அண்ணன் கையில் இருக்கிற ஈரச்சாக்குப் பொட்டலம் அதுதான். வாங்கிக்கொள். ஓட்டை போட்ட டின்னில் உன் கையாலேயே வை. இசக்கி வைக்க வேண்டாம், பாகீரதி பாயும் வைக்க வேண்டாம். வைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

பாகீரதி பாய்க்குக் கருப்பட்டி ஒரு சிப்பம் அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கும் பாஷை இல்லை. நீ என்ன சொல்லிக் கொடுப்பாயோ கொடு. தை பிறந்ததும் நீயும் மாப்பிள்ளையும் இங்கே வந்து கொஞ்சநாள் இருங்கள். அந்தப் பெயரை அப்போது என்னிடம் சொல்.

அரளி சாகாது என்று நீ எழுதியிருந்தாய். கம்பு பிடிப்பதும் பிடிக்காததும் யார் கண்டது. மண்ணும் காற்றும் புதிது. துளிர் விட்டதும் எனக்கு எழுது.

துளிர் விடாவிட்டாலும் எழுது.

உன் மதினி,
பேராச்சி